தூண்டிலார் மரபு: தொண்டைநாட்டு ஏரிகளில் சிறுமீன் வேட்டை

சங்கப் புலவர் பெயர்களுள் சில பெற்றோர் இட்டவை அல்ல, பாட்டு இட்டவை. இயற்பெயர் மறைந்துபோக, பாடிய உவமையே பெயராக நிலைத்துவிட்ட புலவர் பலர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோரைக் கவிஞர் அனைவரும் அறிவர். அவ்வரிசையில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒருவர் மீனெறி தூண்டிலார். குறுந்தொகையின் 54ஆம் பாட்டு அவருடையது. ஐந்தே அடிகள். தினைப்புனம் காப்போர் எறிந்த கவண்கல்லின் ஒலிக்கு அஞ்சிய காட்டியானை, தான் வளைத்துப் பற்றியிருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. விடுபட்ட மூங்கில் விசையோடு மேலெழுகிறது. மீன் கவ்விய கணத்தில் தூண்டிற்கோல் மேலெழுவது போல அது எழுந்தது என்கிறார் புலவர். அத்தகைய காட்டு நாட்டுத் தலைவனோடு தன் நலன் அங்கேயே தங்கிவிட்டது என்பது தலைவியின் கூற்று.

பாட்டின் நிலம் குறிஞ்சி. உவமையின் நிலமோ நீர்நிலை சார்ந்த மருதம். மலைக்காட்சி ஒன்றைச் சொல்ல வந்தவர் குளக்கரைக்கு ஏன் போனார் என்ற வினாவைப் பலரும் எழுப்பியதில்லை. தூண்டில் பிடித்த கை ஒன்றுக்குத்தான் அந்த உவமை உடனே தோன்றும். கோல் வளைவதும், வளைந்தது நிமிர்வதும், நிமிரும்போது கையில் ஓர் அதிர்வு ஓடுவதும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியா. ‘எறிதல்’ என்னும் சொல்லாட்சியும் கருதத்தக்கது. மீன் இரையைக் கவ்வியதும் கோலை மேல்நோக்கிச் சுண்டும் செயலையே அது குறிக்கிறது. அச்சுண்டுதல் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் மீன் இல்லை. இன்று ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும் சிறுவன் கற்றுக்கொள்ளும் முதற்பாடமும் அதுவே.

தூண்டிலைப் பற்றிய சங்கக் குறிப்புகளை ஒருங்கு வைத்துப் பார்த்தால், அக்கருவியின் உறுப்புகள் அனைத்தும் அவற்றில் பதிவாகியிருப்பது புலப்படும். கோல் மூங்கிலால் ஆனது, மெல்லியது, நெடியது. கோலின் நுனியில் நாண் கட்டப்படும். நாணின் முனையில் வளைந்த வாயையுடைய இரும்பு. இரும்பை மறைத்து இரை. வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளில் (931) அவ்விரும்பைப் பொன் என்ற சொல்லால் குறிக்கிறார். உலோகம் என்னும் பழம்பொருளில் அச்சொல் நிற்கிறது. காஞ்சியினர் என்று மரபு கூறும் பரிமேலழகர், இரையால் மறைந்த இரும்பை இரையென்று கருதி மீன் விழுங்குவதாக அதற்கு உரை காண்கிறார். நீதி நூலுக்குத் தூண்டில் வஞ்சனையின் அடையாளமாகிவிட்டது. அகப்பாட்டுக்கு அது அவ்வாறு இல்லை. அங்கே அது ஒரு வேலை, ஒரு விளையாட்டு, சில இடங்களில் தோல்வியும்கூட.

தோல்விக்குச் சான்று அகநானூற்றின் 36ஆம் பாட்டு. மதுரை நக்கீரர் பாடியது. வரிகளையுடைய ஆண் வரால் இரையை இரும்போடு விழுங்கிவிடுகிறது. தூண்டிற்காரன் இழுக்கிறான், அது வருவதாயில்லை. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூச் சிதைய, வள்ளைக்கொடி குழம்ப, கயிற்றுக்கு அடங்காத காளை போலக் குளம் முழுவதையும் கலக்குகிறது. தூண்டிலில் மீன் பிடிப்பவனை நக்கீரர் வேட்டுவன் என்றே சுட்டுவது கவனத்திற்குரியது. காட்டில் வில்லேந்தியவனுக்கு உரிய பெயரைக் குளக்கரையில் கோலேந்தியவனுக்கும் தந்திருக்கிறார். வலையில் அகப்படும் மீனோடு மனிதன் போராடுவதில்லை. தூண்டிலில் ஒரு மீனுக்கு ஒரு மனிதன். வேட்டை என்னும் சொல் பொருந்துவது அதனாலேயே.

கோலும் யாழும்

இந்தத் தூண்டிற்காரர் யாவர்? பாடல்கள் தரும் விடை, இலக்கிய மேடைகளில் மெல்லிய குரலில் மட்டுமே சொல்லப்படுகிறது. அவருள் பலர் பாணர்.

ஐயூர் முடவனாரின் பாட்டு ஒன்று (அகநானூறு 216) நாண் கட்டிய நுண்ணிய கோலால் மீன் பிடிக்கும் பாண்மகளைக் காட்டுகிறது. அவள் வராலைப் பிடித்துக் கரையில் இடுகிறாள். கள்ளுண்டு மயங்கியிருக்கும் தந்தைக்கு அதனை வஞ்சி விறகில் சுட்டு வாயில் ஊட்டுகிறாள். கோல் பிடித்த பெண்ணின் சித்திரம் உலக இலக்கியத்தில் அரிது. ஆங்கிலத்தில் தூண்டிற்கலை பற்றி 1496இல் அச்சான முதல் நூலை யூலியானா பெர்னர்சு என்னும் துறவுப்பெண் எழுதினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முடவனாரின் பாண்மகளோ பாட்டிலேயே நிற்கிறாள், கோலும் கையுமாக.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பாடல்கள் (47, 48, 49) பாண்மகளை வட்டியோடு வீட்டு வாயிலுக்குக் கொண்டுவருகின்றன. கெடிற்று மீனைச் சொரிந்த வட்டியில் மனையோள் பயறு நிறைக்கிறாள். வராலைச் சொரிந்த வட்டியில் பழைய வெண்ணெல் நிறைக்கிறாள். மூன்றாவது பாட்டில் சில மீனுக்குப் பல நெல் கிடைக்கிறது. அங்கே பாணன் வலையிலும் வல்லவனாகச் சொல்லப்படுவதால், பாணர் தூண்டில் ஒன்றையே நம்பியிருந்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மதுரைக்காஞ்சியும் பாணர் சேரியில் மீன் அரியப்படுவதைக் காட்டுகிறது.

யாழ் மீட்டிய கை மீனும் பிடித்ததா என்று ஐயுற்றோர் உண்டு. இசைப்பாணர் வேறு, மீன்பாணர் வேறு என்று பிரித்துவிட்டால் ஐயம் தீரும்; ஆனால் அப்பிரிவினை பாடல்களிலிருந்து எழவில்லை, பிற்காலச் சாதி அடுக்கின் கூச்சத்திலிருந்து எழுகிறது. மருதத் தலைவன் வாயிலாக வரும் பாணனும், வட்டியில் மீன் கொணரும் பாண்மகளும் ஒரே திணையில், ஒரே தெருவில், அடுத்தடுத்த பாடல்களில் உலவுகின்றனர். புலவர் மரபைப் பாணர் மரபோடு இணைத்துப் பெருமை பேசும் கட்டுரைகள் யாழை எடுத்துக்கொண்டு கோலைக் கரையிலேயே விட்டுவிடுகின்றன. பிற்காலத்தில் பாணர் இழிந்தோராக ஒதுக்கப்பட்ட வரலாற்றில் அவர் கையிலிருந்த மீனுக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. அம்மீனை மறைத்துவிட்டுப் பாணரை மட்டும் போற்றுவது அந்த ஒதுக்கலின் தொடர்ச்சியேயாகும்.

காஞ்சிக்குப் போகும் வழியில்

தொண்டை நாட்டுக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் காஞ்சிக்கு வழிகாட்டுகிறது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டபின் இப்பாட்டு அனைவர் கைக்கும் எட்டியது. வழியில் பாணன் முதலில் வலைஞர் குடியிருப்பைக் காண்கிறான். அதன்பின் நீர்க்கரையில் ஒரு தூண்டிற்காரன். அவனும் ஒரு பாண்மகனே. பச்சூன் இட்ட தோற்பை அவன் பிடரியில் தொங்குகிறது. தலையில் நாண் கட்டிய நெடிய மூங்கிற்கோல் நடுங்குகிறது. வாளைமீன் ஒன்று இரையைக் கதுவிக்கொண்டு தப்பிவிட்டது. முள் வெறுமனே கிடக்கிறது.

இதன் பிறகு புலவர் சொல்வது தமிழ்த் தூண்டிற் பதிவுகளுள் தலையாயது. தப்பிய அந்த வாளை, கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் நடுங்கக் கண்டு, கோலின் நிழலோ என்று வெருவுகிறது. ஒருமுறை முள்ளின் சுவை அறிந்த மீன் நெடுநேரம் நிழலுக்கும் அஞ்சும் என்பதைத் தூண்டிலிடுவோர் யாவரும் அறிவர். கரையில் ஆள் நிழல் விழாமல் அமர வேண்டும், வெயிலுக்கு எதிர்முகமாக அமர வேண்டும், பேச்சு கூடாது. இந்த நடைமுறை அறிவைப் புலவர் ஒரு மீனின் அச்சமாக மாற்றித் தந்துள்ளார். காஞ்சி மன்னனின் கொடையைப் பாட வந்த நெடும்பாட்டில், பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, வழியில் மீன் தவறவிட்ட இன்னொரு பாணனைக் காட்டிச் செல்வதில் மெல்லிய நகைச்சுவையும் உண்டு.

வளைவாய் இரும்பு என்ற பொருள்தரும் அதே தொடரை நக்கீரரும் உருத்திரங்கண்ணனாரும் ஆள்கின்றனர். புலவரிடையே வழங்கிய வாய்பாடு அது எனலாம். ஆனால் நிழலுக்கு அஞ்சிய மீன் உருத்திரங்கண்ணனாருக்கே உரியது.

ஏறத்தாழ அதே காலத்தை ஒட்டி, கி.பி. 200 அளவில், உரோமைச் சார்ந்த ஈலியன் என்பார் கிரேக்க மொழியில் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாசிடோனியாவின் ஆசுத்ரேயசு ஆற்றில் மீன் பிடிப்போரைப் பற்றிய செய்தி அதில் வருகிறது. நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை அங்குள்ள மீன்கள் விரும்பி உண்ணும். அந்த ஈயைப் பிடித்து முள்ளில் கோக்க இயலாது. கை பட்டால் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். ஆகவே முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழுள்ள மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்து, ஈயைப் போலச் செய்து மிதக்கவிட்டனர். கோல் ஆறடி, நாணும் ஆறடி. போலி ஈ கொண்டு மீன் பிடிக்கும் கலைக்கு இதுவே மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுகிறது. பின்னர் இங்கிலாந்தில் ஐசக் வால்டனின் நூல் 1653இல் வந்தது; அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லசு காட்டன் போலி ஈ பற்றிய பகுதியைச் சேர்த்தார்.

தமிழ்நாட்டில் போலி ஈ தோன்றவில்லை. தோன்றுவதற்குத் தேவையும் இருக்கவில்லை. புதுமழைக்குப் பின் மாலையில் ஈசல் புறப்பட்டு நீர்மேல் விழும்போது, கெண்டைக் குஞ்சுகளும் வெளிச்சியும் துள்ளித் துள்ளி அவற்றை உண்பதை எந்த ஏரிக்கரையிலும் காணலாம். உண்மை ஈசலையே முள்ளில் கோத்து, ஈயம் கட்டாமல் மேல்மட்டத்தில் மிதக்கவிடுவோர் உண்டு. வெட்டுக்கிளி, எறும்பு முட்டை, மண்புழு, பிசைந்த மாவு என்று மீனுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இரை மாறும். மாசிடோனியன் ஈயைச் செய்தான். தொண்டைநாட்டான் ஈ வரும் நாளுக்குக் காத்திருந்தான். இரண்டுக்கும் வேண்டுவது, மீன் இப்போது எதை உண்ணுகிறது என்று நீரைப் பார்த்துச் சொல்லும் கண்.

தாமல்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் தாமல். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பழமை அதற்குண்டு. வராகீசுவரர் கோயிலும் பேரேரியும் ஊரின் அடையாளங்கள். காஞ்சி மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்றாகத் தாமல் ஏரி எண்ணப்படுகிறது.

இப்பகுதியின் ஏரிகள் இயற்கை தந்தவை அல்ல. பாலாற்றில் ஆண்டில் சில நாட்களே வரும் வெள்ளத்தைத் தேக்கிவைக்க மனிதர் கட்டியவை. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் பரமேசுவர தடாகத்தையும் குறிக்கிறது. காலம் 7ஆம் நூற்றாண்டு. மகேந்திரவாடியில் அவன் முன்னோனாகிய மகேந்திரவர்மன் பெயரால் ஒரு தடாகம். உத்திரமேரூரில் வைரமேக தடாகம். உத்திரமேரூரின் பெயரைக் கேட்டதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பள்ளிப் பாடநூல்வரை வந்துவிட்டன. குடவோலையில் தேர்ந்தோருள் அறுவர் ஏரி வாரியம் செய்தனர் என்பதை மட்டும் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். ஏரியைக் காப்பதற்கென்றே தேர்தல் நடத்திய ஊர் அது.

ஏரி இருந்தால் மீன் உண்டு. மீன் இருந்தால் வரியும் உண்டு. பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்ற பெயர்களில் ஏரி மீனின் குத்தகை கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. அவ்வருவாய் ஏரியைக் குழி வெட்டிச் செப்பமிடப் பயன்பட்ட செய்திகளும் உண்டு. மீன், தான் வாழும் நீருக்குத் தானே கூலி கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. குத்தகை என்றதும் அது வலைக்கே உரியது என்பது விளங்கும். ஒற்றைக் கோலுக்குக் கணக்கெழுதிய கல்வெட்டு எதற்கு? வரி வாங்கத்தக்க அளவுக்கு அதில் ஒன்றும் அகப்படாது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். கலங்கல் வழியாக மிகைநீர் வழியும்போது சிறுமீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். அந்நாட்களில் பறியும் வீச்சுவலையும் மிகுதி. தூண்டிலுக்கு உரிய காலம் அதன் பின்னர். மார்கழி கழிந்து நீர் தெளிந்து, மதகுகளின் வழியே வயலுக்குப் பாய்ந்து, கரையோர நீர் இடுப்பளவுக்கு இறங்கும் மாதங்கள். ஒரு மூங்கிற்குச்சி, ‘நரம்பு’ என்று கடைக்காரர் விற்கும் நைலான் இழை ஐந்தாறு முழம், மிகச் சிறிய முள், மிளகளவு ஈயம், தக்கையாக நெட்டித்துண்டோ மயிலிறகின் காம்போ. தக்கை அசையும் விதமே மீனின் பெயரைச் சொல்லிவிடும். கொத்திக் கொத்தித் துடிக்கவைத்தால் கெண்டைப்பொடி. ஒரே இழுப்பில் முழுகினால் கெளுத்தி. சாய்ந்து பக்கவாட்டில் நகர்ந்தால் குரவை. கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதன் செவுளருகே உள்ள முள் குத்தினால் கை ஒருநாள் கடுக்கும். சங்கப் பாட்டின் கெடிறு இதுவே. பெயர் சற்றுத் திரிந்தது, முள் திரியவில்லை.

இவற்றுள் எந்த மீனும் ஒரு சாணைத் தாண்டுவது அரிது. ஒரு காலைப்பொழுது முழுதும் அமர்ந்தால் ஒருவேளைக் குழம்புக்கு ஆகும், ஆகாமலும் போகும். பொருளியல் நோக்கில் இது வீண்வேலை. ஆயினும் கரை ஒருநாளும் வெறுமையாய் இருந்ததில்லை. ஜப்பானில் தானாகோ என்னும் விரலளவு மீனைப் பிடிப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத அளவில் முள் தீட்டி, நுண்ணிய கோல் செய்து, அகப்படும் மீன்களுள் மிகச் சிறியதைப் பிடிப்பதே பெருமை என்று கொள்ளும் மரபு வளர்ந்தது. இங்கே அத்தகைய கோட்பாடு எதுவும் எழவில்லை. இன்பம் மட்டும் இருந்தது. அதற்குப் பெயர் இடப்படவில்லை.

துரைமார் கண்ட மீன்

1800ஆம் ஆண்டு பிரான்சிசு புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்டார். காஞ்சி, காவேரிப்பாக்கம், ஆர்க்காடு வழியாகச் சென்ற அவர் இப்பகுதியின் ஏரிகளைக் கண்டு எழுதினார். அவரே பின்னர் ஹாமில்டன் என்ற பெயரையும் ஏற்று, 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சிறுகெண்டைகளுக்கு இன்று அறிவியல் வழங்கும் புண்டியசு என்ற இனப்பெயர் அந்நூலில் தோன்றியது. வங்காளியர் அம்மீனைப் புண்டி என்று அழைத்ததிலிருந்து எடுத்தது. புக்கானன் காஞ்சி ஏரிக்கரையிலேயே தம் மீன் ஆய்வைத் தொடங்கியிருந்தால் உலக அறிவியல் நம் கெண்டையைக் கெண்டை என்றே அழைத்திருக்கும். வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் மிகுதி.

அவருக்குப் பின் வந்த பிரான்சிசு டே சென்னைப் படையின் மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றி அவர் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட நூல் இன்றளவும் அடிப்படை நூல். நன்னீர் மீன்வளம் பற்றிய 1873ஆம் ஆண்டு அறிக்கையில், நெருங்கிய கண்ணுள்ள வலைகளும் வயல்வாய்ப் பொறிகளும் மீன்குஞ்சுகளை அழிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

என்றி சல்லிவன் தாமசு என்னும் சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி 1873இல் மங்களூரில் இந்தியத் தூண்டிற்கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே இன்னொரு நூலை 1887இல் எழுதினார். மேற்கு மலை ஆறுகளின் மாசீர் போன்ற பெருமீன்களின் மேலேயே வெள்ளையர் மனம் சென்றுகொண்டிருந்த காலத்தில், சமவெளிக் குளங்களின் பக்கம் கண்ணைத் திருப்பிய அளவில் தாமசு பாராட்டுக்குரியவர். ஏனையோர் போலி ஈயை வீசுவதற்கு இங்கே தக்க மீன் இல்லை என்று கருதினர். நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர டே 1860களில் முயன்றார்; முட்டைகள் பிழைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியால் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. பல்லாயிரம் மைல் கடந்து மீனைக் கொணர்ந்து, குளிர்ந்த ஓடையில் வளர்த்து, பிறகு போலி ஈயால் அதனை ஏமாற்றி மகிழ்வதற்கு அத்தனை உழைப்பு. ஈசலுக்குத் துள்ளும் வெளிச்சி மலையடிவாரத்து ஏரிகளில் எப்போதும் இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துறை அமைந்தது. அதன்பின் ஏரியை நோக்கும் கண்ணே மாறிற்று. எத்தனை மீன் என்ற கேள்வி எத்தனை எடை என்ற கேள்வியானது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டுப் பெருங்கெண்டைகள் இறக்கப்பட்டன. 1952இல் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று இனிப்பான பெயர் சூட்டியது. 1959இல் வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் வந்தன. உணவுப் பஞ்சத்தை நினைக்கையில் இம்முயற்சிகளைக் குறைகூறல் தகாது. ஆயினும் ஏலமெடுத்துக் குஞ்சு விட்டவருக்குக் கெளிறும் குரவையும் குஞ்சைத் தின்னும் பகை. கெண்டைப்பொடி தீவனத்தில் பங்கு கேட்கும் களை. நூற்றாண்டுகளாகப் பாட்டில் வாழ்ந்த மீன்களுக்குக் ‘களைமீன்’ என்பது துறையின் பெயராயிற்று.

இப்போது

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. மேற்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றைக் கெடுத்ததை உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கடிந்துரைத்தது. 2015, 2021ஆம் ஆண்டுகளின் பெருமழையில் காஞ்சி மாவட்டத்து ஏரிகள் நிரம்பி வழிந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் வறண்டதும் உண்டு. வறண்ட ஏரியில் மீண்டும் நீர் வந்ததும், வளர்ப்பு மீன் லாரியில் குஞ்சாக வரவேண்டும். குரவை அவ்வாறன்று. காற்றையும் உட்கொள்ளும் உறுப்பு அதற்குண்டு. சேறும் சகதியுமான சிறுகுட்டையிலும் தாக்குப்பிடித்து, வெள்ளம் வந்ததும் தானே ஏரிக்குத் திரும்பிவிடும். கெண்டையும் அயிரையும் வரத்துக்கால்களின் வழியே மேல் ஏரியிலிருந்து இறங்கிவரும். வரத்துக்கால் தூர்ந்தால் அவ்வழியும் அடைபடும்.

ஏல ஏரிகளில் வலை குத்தகைதாரருக்கு. தூண்டிலைப் பல ஊர்களில் எவரும் பொருட்படுத்துவதில்லை. சில ஊர்களில் காவலாள் கோலைப் பிடுங்கி முறித்தெறிகிறான். இந்தப் பாராமுகமோ முறிப்போ எழுதப்பட்ட உரிமை எதையும் சார்ந்ததன்று. சோழர் கல்வெட்டு ஒற்றைக் கோலைப் பற்றிச் சொல்லாமல் விட்டது போலவே ஏல ஒப்பந்தமும் சொல்லாமல் விடுகிறது. அன்று அந்த மௌனம் கரையில் அமர்வோர்க்கு இடம் தந்தது. இன்று அதே மௌனம் காவலாளுக்குத் துணைநிற்கிறது.

கரையில் அமரும் சிறுவருக்கு இன்று மிகுதியும் அகப்படுவது ஜிலேபிக் கெண்டை. அதுவும் கோலை வளைக்கும், சுண்டினால் எழும். மீனெறி தூண்டிலார் கண்ட காட்சிக்கு அதனால் குறை நேரவில்லை. ஆனால் வகுப்பறையில் கெடிறு, ஆரல், அயிரை என்னும் சொற்களுக்கு ‘ஒருவகை மீன்’ என்று உரை எழுதிக் கடக்கும் நிலை வந்திருக்கிறது. ஒருவகை மீன் என்பது உரையாகாது. ஏரிக்கரைப் பிள்ளைகளுள் இன்னும் சிலர் அம்மீன்களைத் தக்கையின் அசைவிலேயே வேறுபிரித்துச் சொல்லக்கூடியவர். அவரை எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை.

ஏரியோரச் சந்தைகளில் கட்லாவும் ரோகுவும் தராசில் ஏறும். சிறுமீன் தராசுக்கு வருவதில்லை. வாழையிலையிலோ சாக்கின் மேலோ கூறுகூறாகக் குவித்து, ஒரு கூறு இன்ன விலை என்று பெண்கள் விற்கின்றனர். கையால் அள்ளிக் குவிப்பதே அளவு. வாங்குபவள் முகம் சுருங்கினால் மேலும் நாலைந்து மீன் கூற்றின்மேல் விழும். வீட்டில் அவற்றைக் கல்லுப்போடு மண்சட்டியில் இட்டு, செதிள் போகும்வரை உள்ளங்கையால் உரசி, நீர் தெளியும்வரை கழுவுவர். ஓரம்போகியாரின் பாண்மகள் வட்டியைச் சாய்த்துச் சில மீன் சொரிந்தபோது, உள்ளிருந்து மனையோள் பல நெல்லைக் கொண்டுவந்தாள். அங்கும் எவரும் நிறுக்கவில்லை.